முதல் சால்வையும் மூன்று நாள் சான்றிதழும்

"வாழ்வாதாரம்" என்னும் சொல்லைக் கிழக்கிலே படாத பாடு படுத்திவிட்டார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னரும், 2009 இல் போர் முடிந்த பின்னரும், குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் பெண்ணுக்கு ஒரு தையல் இயந்திரத்தையோ ஒரு சோடிப் பின்னல் ஊசியையோ கொடுத்துவிட்டால் கடமை முடிந்தது என்பது உதவி வழங்குவோர் பலரின் வேதவாக்காயிற்று. பத்திரிகையாளன் என்ற முறையில் இத்தகைய பயிற்சிகளின் நிறைவு விழாக்கள் பலவற்றுக்குச் சென்றிருக்கிறேன். மங்கல விளக்கேற்றல், பிரதம அதிதி உரை, சான்றிதழ், குழுப்படம். மூன்றே நாளில் முப்பது பின்னற் கலைஞர்கள்!

இது ஏமாற்று. மூன்று நாளில் எவருக்கும் பின்னல் வராது.

புதிதாகப் பழகுபவர் முப்பது கண்ணிகளுடன் ஒரு கழுத்துச் சால்வையைத் தொடங்குவார். ஒரு சாண் வளர்ந்ததும் எண்ணிப் பார்த்தால் முப்பத்தேழு இருக்கும். ஓரத்திலே ஒரு கண்ணியை இரண்டாக எண்ணிப் பின்னியிருப்பார். இன்னோர் இடத்தில் ஒன்று நழுவி, ஏணிபோலக் கீழே இறங்கியிருக்கும். வரிசைக்கு வரிசை எண்ணுவதும், பிழை கண்டால் தயங்காமல் அவிழ்த்து மீண்டும் பின்னுவதும்தான் முதற் பாடம். அவிழ்க்கக் கற்பிக்காத பயிற்சி பயிற்சியே அல்ல. குழுப்படத்துக்கு அவசரப்படுவோர் அவிழ்க்க விடுவார்களா?

கொடுக்கும் பொருளும் பொருந்துவதில்லை. கடுங்கோடையில் வியர்க்கும் கையில் செயற்கைக் கம்பளி நூலைத் திணிக்கிறார்கள். அந்நூல் முடிந்தால் அடுத்த உருண்டைக்குக் கொழும்பை நோக்க வேண்டும். பருத்தி நூல் போதாதா? அது கம்பளிபோல இழுபடாது. ஆகவே கண்ணிகளைத் தளர்வாகப் போடவேண்டும். நிறம் வெளிறியதாக இருக்கட்டும். கறுப்பு நூலில் கண்ணி கண்ணுக்குத் தெரியாது. ஊசி வழுக்காத மூங்கிலாக இருப்பது நன்று. எல்லா வரிசைகளையும் நேர்ப்பின்னலாகவே பின்னினால் ஓரம் சுருளாது. இவற்றைச் சொல்லிக்கொடுக்கப் பத்து நிமிடம் போதும்; கையில் படியப் பல வாரங்கள் வேண்டும்.

இந்தப் பொறுமை நமக்கு அந்நியமானதா? 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வலை பின்னிய கைகள் தலைமுறை தலைமுறையாக இருந்தன. பின்னலில் "கண்ணி" என்பதை வலையில் "கண்" என்கிறோம். வலையின் கண் ஒவ்வொன்றும் முடிச்சிடப்படுவதால் ஒன்று அறுந்தாலும் அடுத்தது நிற்கும். பின்னலில் முடிச்சில்லை, ஒன்று நழுவினால் வரிசையே சரியும். வேறுபாடு அவ்வளவே. வலைக்காரரின் பிள்ளை முதலில் ஊசியில் நூல் சுற்றும். பிறகு சிறு கிழிசலைச் சரிசெய்யும். முழு வலைக்கு வரக் காலம் பிடிக்கும். அங்கே சான்றிதழ் கொடுத்தவர் எவருமில்லை. மீன் வலையில் நின்றதா என்பதே சான்று.

"ஒன்றுமில்லாததற்கு இதாவது நல்லதல்லவா?" என்று கேட்பார்கள். நல்லதல்ல. பின்னல் பொறியை இங்கிலாந்தில் வில்லியம் லீ 1589 இலேயே கண்டுபிடித்துவிட்டார். நான்கு நூற்றாண்டுகளாகப் பொறியோடு போட்டியிடும் தொழில் இது. புதிதாகப் பழகியவர் ஒரு சால்வைக்கு இருபது மணி நேரம் செலவிட்டால், அதை என்ன விலைக்கு விற்றால் நாட்கூலி தேறும்? வெயில் ஊரில் அதை வாங்குபவர் யார்? இக்கேள்விக்கு விடையில்லாமல் ஊசியைக் கொடுப்பது பசித்தவருக்குப் பாத்திரத்தை மட்டும் கொடுப்பதற்கு ஒப்பாகும். விற்காத சால்வை பெட்டிக்குள் போகும்; "பயிற்சி கொடுத்தோம், அவள் முயலவில்லை" என்ற பழி அவள்மேல் விழும். என் கோபமெல்லாம் இந்தப் பழியின் மீதுதான்.

குளிர்நாடுகளில் சால்வை அணியும் வாசகர்களே, ஊருக்குப் பணம் அனுப்புபவர்களும் நீங்களே. அடுத்த முறை யாராவது குழுப்படத்தை அனுப்பினால் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஆசிரியை நான்காம் மாதமும் வந்தாரா? நூல் உள்ளூரிலே கிடைக்கிறதா? வாங்குபவரைக் கண்டபின் வகுப்பைத் தொடங்கினீர்களா, முன்னரா? மூன்றுக்கும் தக்க விடை வராவிட்டால் பணத்தை நிறுத்துங்கள். அந்தப் பெண்களின் நேரம் இலவசமன்று.