ஏறாத மண்டை!

ஆண்டுக்கொரு நாள் நம் இல்லங்களிலே ஒரு வேடிக்கை நடக்கிறது. கல்விக்குத் தெய்வம் கலைமகளாம், அவளுக்கு விழாவாம்! விழா எப்படி? பிள்ளைகளின் கையிலிருந்து புத்தகங்களைப் பிடுங்கி, அடுக்கி வைத்து, சந்தனம் தெளித்து, குங்குமம் இட்டு, "இன்றைக்குத் தொடாதே, படிக்காதே!" என்று கட்டளை. சோற்றுக்கு விழா எடுத்துப் பட்டினி கிடப்பது போல!

தேர்வு மாதம் வந்தால் அடுத்த காட்சி. கடலூருக்கு அருகே திருவந்திபுரத்து மலை மீது குதிரைமுகக் கடவுள் அயக்கிரீவர் வீற்றிருக்கிறார். அவர் காலடியிலே எழுதுகோலை வைத்து எடுத்தால் மதிப்பெண் கொட்டுமாம். எழுதுகோல் மலையேறி இறங்குகிறது. எழுத வேண்டிய கையோ வெறுங்கையாகவே திரும்புகிறது.

இதைப் படித்ததும் நம் தோழர்கள் கைகொட்டிச் சிரிப்பர். பொறுங்கள் தோழர்களே! இன்று நான் தொடுக்கும் வழக்கு மலையேறுவோர் மீதன்று, நம் மீது.

மலையேறாத தோழன் என்ன செய்கிறான்? தேர்வுக்கு முந்தைய இரவு விளக்கெரிய உட்காருகிறான். உரைநூலைத் திறக்கிறான். வரிக்கு வரி மஞ்சள் மையால் கோடு கிழிக்கிறான். படித்ததையே நான்கு முறை படிக்கிறான். நான்காம் முறை பக்கம் பழகிவிடுகிறது; பழகியதைத் தெரிந்ததென்று எண்ணிக்கொள்கிறான். கேள்வித்தாள் முன்னால் விழிக்கிறான். தோழா, குங்குமத்துக்கும் உன் மஞ்சள் மைக்கும் நிறம் தவிர வேறென்ன வேறுபாடு? இரண்டும் பயன் தருகின்றனவா என்று சோதித்துப் பாராமல் செய்யும் சடங்குகள்தாமே!

சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. 2006ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் உளவியலாளர் இருவர் தாங்கள் நடத்திய சோதனையை வெளியிட்டனர். ஒரு பிரிவு மாணவர் ஒரு பகுதியை நான்கு வேளையும் படித்தனர். இன்னொரு பிரிவினர் ஒரு வேளை படித்துவிட்டு, மற்ற மூன்று வேளையும் புத்தகத்தைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்க்கே வெற்றி: 83 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்க்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டனர். படித்தவர்கள் 40க்குச் சரிந்தனர். எழுதிப் பார்த்தவர்கள் 61இலே நின்றனர்! 2013இல் டன்லாஸ்கியும் அவருடன் நால்வரும் பத்துப் படிப்பு முறைகளை ஆராய்ந்து எடை போட்டனர். கோடு கிழிப்பதும் மீண்டும் மீண்டும் படிப்பதும் தாழ்ந்த தட்டிலே; தன்னைத் தானே சோதிப்பதும் நாள் இடைவெளி விட்டுப் படிப்பதும் உயர்ந்த தட்டிலே.

மறதியை முதன்முதலாக அளந்தவர் ஜெர்மானியர் எபிங்காசு. 1885இல் நூலாக வெளியிட்டார். பொருளில்லாத அசைகளைத் தாமே உருப்போட்டு, தம் நினைவையே அளந்தார். ஒரு நாள் கழிந்ததும் பட்ட உழைப்பிலே ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் மிச்சம் நின்றது. பொருளில்லாத அசைகளை உருப்போடும் கலையிலே நம் நாட்டுக்கு அவர் வழிகாட்ட வேண்டியதில்லை. அளந்து பார்க்கும் துணிவுதான் இங்கே இல்லாமற் போயிற்று.

இனி, என் நெஞ்சைச் சுடும் செய்திக்கு வருகிறேன்.

ஒன்பதாம் வகுப்பிலே எனக்கொரு மாணவன். தந்தை கரும்பு வெட்டும் தொழிலாளி. தாய் ஒருநாள் பள்ளிக்கு வந்து சொன்னார்: "ராத்திரி பத்து மணி வரைக்கும் கத்திக் கத்திப் படிக்கிறான் சார், மண்டையிலதான் ஏற மாட்டேங்குது." பையன் தலைகுனிந்து நின்றான். அந்தச் சொல்லைத் தாய் எங்கே கற்றார்? அவர் படித்த காலத்தில் அவரிடமும் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

கௌதம தருமசூத்திரம் எழுதி வைத்திருக்கிறது: சூத்திரன் வேதத்தைக் காதால் கேட்டால் காய்ச்சிய உலோகத்தையும் அரக்கையும் அக்காதிலே ஊற்று, ஓதினால் நாவை அறு, நினைவிலே நிறுத்தினால் உடலைப் பிள! மூன்றாவதைப் பாருங்கள். நினைவுக்கே தண்டனை! இன்று காய்ச்சிய உலோகம் இல்லை. "உனக்கெல்லாம் படிப்பு ஏறாது" என்னும் சொற்கள் அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றை ஊற்றுவோர் அக்கிரகாரத்திலிருந்து வரவில்லை. ஆசிரியர் அறையிலே என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். சில மாலைகளில், களைப்பிலே, நானும் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பையனிடம் ஒளிச்சேர்க்கைப் பாடத்தை ஒருமுறை படிக்கச் சொன்னேன். பிறகு புத்தகத்தை மூடி, வெற்றுத்தாள் கொடுத்தேன். நான்கு வரி எழுதினான், இரண்டு பிழை. அந்தப் பிழைகள்தாம் அன்றைய பெருஞ்செல்வம். பத்து மணி வரை கத்தியபோது தெரியாத ஒன்று, எது தனக்குத் தெரியாது என்பது, அன்று தெரிந்தது. மறுநாள் மீண்டும் வெற்றுத்தாள். மூன்று நாள் விட்டு இன்னொன்று. ஒரு வாரம் விட்டு இன்னொன்று. மாதக் கடைசியிலே, இலை எப்படி உணவு சமைக்கிறது என்று தன் தங்கைக்கு விளக்கிக்கொண்டிருந்தான். முதல் மதிப்பெண் வாங்கினானா? இல்லை. தேறினான்.

இது ஒரு பையனின் கதை மட்டுமன்று. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023–24ஆம் கல்வியாண்டிலிருந்து மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறின. அவ்வாரியமோ, பத்தாம் வகுப்புக் கேள்விகளில் பாதியைக் கற்றதைப் புதிய இடத்தில் பொருத்திப் பார்க்கும் கேள்விகளாக ஆக்கியிருக்கிறது. அந்த மாற்றம் நம் மீது சுமத்தப்பட்ட முறை பற்றிச் சண்டையிட எனக்கு நிறைய உண்டு. வேறொரு நாள் இடுவேன். ஆனால் இன்று மாலையே ஆங்கில விடைகளைப் பொருளறியாமல் உருப்போட்டுக்கொண்டிருக்கும் நெட்டப்பாக்கத்துப் பெண்ணும் பாகூர்ப் பையனும் அந்தச் சண்டை முடியும் வரை காத்திருக்க முடியாது.

"மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், தம்பியைத் தூக்க வேண்டும், ஒற்றை அறை வீடு, எங்கே நேரம்?" என்பீர்கள். மறுக்கவில்லை. கூலி உயராமல், வீடு பெருகாமல் இந்தக் குறை முழுதும் தீராது. ஆயினும் நான் சொல்லும் முறை பத்து மணி வரை கண்விழிக்கக் கேட்பதில்லை. இருபது நிமிடம், ஒரு தாள், மூடிய புத்தகம். வயலுக்குப் போகும் வரப்பிலே, காலையில் படித்ததைத் தனக்குத்தானே கேட்டுச் சொல்லிப் பார்த்தால் அந்தத் தாளும் வேண்டாம்.

வருகிற ஆயுத பூசையன்று மடுகரையில் என் வீட்டுத் திண்ணையிலே புத்தகங்கள் திறந்தே இருக்கும். காலை ஒன்பது மணி. வருகிற தோழர்கள் ஆளுக்கொரு பிள்ளையை அழைத்து வருக. வெற்றுத்தாள் என் பொறுப்பு.