கல்வெட்டைப் படிக்க எந்த மானிட்டர்?

பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் மானிட்டர் வாங்கச் செல்லும் ஆய்வு மாணவர் எதிர்கொள்ளும் முதற்கேள்வி பெரும்பாலும் இதுதான்: “கேமிங்கா, எடிட்டிங்கா?” கல்வெட்டும் ஓலைச்சுவடியும் படிப்பவருக்கு இவ்விரண்டில் எதுவும் விடையாகாது. ஆயினும் ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்ற நெருக்கடியில், கையில் பணம் குறைந்தவர் மலிவான கேமிங் மானிட்டரையும், திட்டநிதி உள்ளவர் விலையுயர்ந்த எடிட்டிங் மானிட்டரையும் வாங்கிவிடுகின்றனர். இருவருமே தம் பணிக்கு வேண்டாத ஒன்றுக்குப் பணம் கொடுக்கின்றனர்.

இது பொருள் வாங்கும் சிக்கல் மட்டுமாயின் இவ்வளவு பேச வேண்டியதில்லை. பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட ‘எபிகிராபியா கர்நாடிகா’ ஒன்பதாம் தொகுதியில் பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் தமிழ்க் கல்வெட்டுகளும் கணிசமானவை. தொம்மலூர் சொக்கநாதசுவாமி கோயிலிலும் மடிவாளம் சோமேசுவரர் கோயிலிலும் இன்றும் அவற்றைக் காணலாம். அன்று பதிவான கற்கள் பல, நகரம் வளர்ந்த வேகத்தில் சாலைக்கும் கட்டடத்துக்கும் அடியில் போயின. எஞ்சியவற்றைத்தான் மிதிக் சொசைட்டி 2021 முதல் முப்பரிமாண முறையில் வருடிப் பதிவுசெய்து வருகிறது. கல் அழிந்தபின் மிஞ்சுவது கோப்பு. கோப்பைப் படிக்கும் இடம் திரை. அத்திரையில் தெரியாத கோடு பதிப்பில் ‘சிதைந்தது’ எனப் புள்ளியிடப்படும். அடுத்த ஆய்வாளர் அப்புள்ளிகளையே மேற்கோள் காட்டுவார்.

தமிழ்க் கல்வெட்டில் இந்த இடர் இன்னும் கூர்மையானது. இடைக்காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகார வேறுபாடு காட்டப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். ‘பால்’ என்பதும் ‘பரல்’ என்பதும் கல்லில் ஒன்றுபோலவே நிற்கும். எனவே அரிதாக எங்கேனும் ஒரு புள்ளி தென்பட்டால், அது உளி இட்டதா, மழை அரித்த குழியா என்று பார்க்கவேண்டியிருக்கிறது. தேய்ந்த பகரத்தையும் யகரத்தையும் பிரிப்பது ஒரு சிறு வளைவு. முப்பரிமாண வடிவத்தின்மேல் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்க்கும்போது அவ்வளைவு கருஞ்சாம்பலுக்கும் அதற்கடுத்த சாம்பலுக்கும் இடையிலான வேறுபாடாகவே வெளிப்படும்.

கேமிங் மானிட்டர் விற்கப்படுவது வேகத்துக்காக. நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் சாதாரணத் திரைக்கு மாறாக, இது 144 அல்லது 180 முறை புதுப்பிக்கும். ஓடும் எதிரியைச் சுட இது உதவும். எட்டு நூற்றாண்டாக அசையாது நிற்கும் எழுத்துக்கு எதற்கு? (நீண்ட பி.டி.எஃப். கோப்பை உருட்டும்போது கண்ணுக்கு இதமாக இருக்கும் என்பது உண்மை. அதை மறுப்பதற்கில்லை.) இவ்வேகத்தை மலிவாகத் தருவதற்குப் பல மாதிரிகளில் விலையாகக் கொடுக்கப்படுவது பிக்சல் அடர்த்தி. 27 அங்குலத் திரையில் 1920×1080 பிக்சல் என்றால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 82 பிக்சல். அதே அளவில் 4கே திரைக்கு 163. ஆறாயிரத்துக்கு நாலாயிரம் பிக்சல் கொண்ட மைப்படி ஒளிப்படத்தை முழு அளவில் திறந்தால், முதல் திரையில் அதன் பன்னிரண்டில் ஒரு பங்கும் இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்கும் தெரியும். எழுத்தைத் தனியாகப் பார்த்து யாரும் படிப்பதில்லை; சொல்லையும் வரியையும் கொண்டே படிக்கின்றனர். பன்னிரண்டில் ஒரு பங்கை மட்டும் காட்டும் திரையில், எழுத்து தெரியும்போது வரி மறைகிறது.

அடுத்தது சாம்பல் நிறப் படிகள். விலை குறைந்த வளைந்த கேமிங் மானிட்டர்களில் மிகுதியாக உள்ளது வி.ஏ. வகைத் திரை. அதன் கருமை ஆழமானது, திரைப்படத்துக்கு அழகானது. ஆனால் நேராகப் பார்க்கையில் கருமையை அடுத்த சாம்பல் படிகள் ஒன்றில் ஒன்று கலந்துவிடும். தலையைச் சற்று நகர்த்தினால் பிரியும். நிழலைக் கொண்டு எழுத்தறியும் வேலைக்கு இதைவிடப் பொருந்தாத குணம் இல்லை. ஐ.பி.எஸ். வகையில் இக்குறை மிகக் குறைவு. பல கேமிங் மானிட்டர்களில் இருளை வெளுக்கும் வசதியும், விளிம்புகளைக் கூராக்கும் அமைப்பும் உண்டு. விளிம்பு மிகையாகக் கூரானால் கோட்டின் ஓரத்தில் ஒளிக்கோடு ஒன்று தோன்றும். கல்லில் இல்லாத கோடு அது. இவற்றை முதல் நாளே அணைத்துவிட வேண்டும்.

அப்படியானால் எடிட்டிங் மானிட்டரா? அதன் விலையில் பெரும்பங்கு வண்ணப் பரப்புக்கு உரியது. அடோபி ஆர்.ஜி.பி. பரப்பை முழுதும் காட்டும் திரை அச்சுக்கும் ஒளிப்படத்துக்கும் இன்றியமையாதது. சுவரோவியம் ஆய்பவருக்கும் வேண்டும். கறுப்பு வெள்ளை மைப்படிக்கு அது வீண். ஆனால் திரையின் நடுவும் மூலையும் ஒரே வெளிச்சத்தில் இருப்பதும், அளவீட்டுக் கருவி கொண்டு சாம்பல் படிகளைச் சீராக்கி நிலையாக வைப்பதும் அதன் உண்மையான பலம். அப்பலம் ஒவ்வொரு மாணவர் மேசைக்கும் தேவைப்படுவதில்லை. ஐயமான எழுத்துகளை முடிவுசெய்ய, துறைக்கு ஒன்று, அளவீடு செய்யப்பட்டு நூலகத்திலோ ஆய்வகத்திலோ இருந்தால் போதும். இதைத் துறைகள் செய்யாமல், தரமான திரையை மாணவரின் சொந்தச் செலவு என்று விட்டுவிடுவதே பெரிய குறை. யு.ஜி.சி. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். கலைப்புல மாணவருக்கு முதலிரண்டு ஆண்டுகளுக்கான இதரச் செலவுத் தொகை ஆண்டுக்குப் பத்தாயிரம். நெட் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு உதவித்தொகையே மாதம் 8,000தான். பெங்களூர் வாடகை போக மிஞ்சுவதில் எடிட்டிங் மானிட்டர் கனவு.

தம் மேசைக்கு வாங்குபவர், இயன்றால், இரு பெயரும் ஒட்டாத சாதாரண அலுவலக வகை 27 அங்குல 4கே ஐ.பி.எஸ். மானிட்டரைத் தேடலாம். பத்தாயிரத்துக்குள்தான் முடியும் என்றால் 24 அங்குல ஐ.பி.எஸ்.; அது கேமிங் என்ற பெயரில் வந்தாலும் குற்றமில்லை. அதே பிக்சல்களை 27 அங்குலத்தில் நீட்டித் தருவதை மட்டும் தவிர்க்கவேண்டும். கடைக்குச் செல்கையில் பென்டிரைவில் ஒரு மங்கலான மைப்படிப் படத்தை எடுத்துச்செல்வது நல்லது. கடைக்காரர் பளிச்சென்ற வண்ணக் காணொளியை ஓட்டிக் காட்டுவார். அதை நிறுத்தச் சொல்லி, அப்படத்தைத் திறந்து, ஏற்கெனவே பதிப்பில் உறுதியான ஒரு வரியை நேராக அமர்ந்து ஒருமுறை, சற்றுத் தள்ளி நின்று ஒருமுறை படித்துப் பார்க்கலாம். இரண்டு முறையும் அதே எழுத்துகள் தெரிகின்றனவா என்று பார்த்தபின் விலை பேசலாம்.