சங்கத்துப் பேரேடு யார் பெட்டியில்?

டவுண் ரத வீதிகளுக்குப் பின்னால் உள்ள சந்துகளிலும், பேட்டையிலும், மேலப்பாளையத்திலும், மேற்கே முக்கூடல் வரையிலும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்கள் சங்கத்தில் சேரும்போது என்ன எழுதித் தருகிறார்கள்? பெயர், வீட்டு விலாசம், போன் நம்பர், எந்தக் காண்டிராக்டரிடம் இலையும் தூளும் வாங்குகிறார்கள் என்ற விவரம். முன்பெல்லாம் இவை ஒரு நீள நோட்டில் இருந்தன. நோட்டு இரும்புப் பெட்டியில் இருந்தது. பெட்டிச் சாவி சங்கச் செயலாளரிடம் இருந்தது.

இன்று பல சங்கங்களில் நோட்டு போய்விட்டது. கூகிள் படிவத்தில் எழுதி வாங்குகிறார்கள். வாட்ஸப் குழுவில் பட்டியலைப் போடுகிறார்கள். காசு இல்லை, நோட்டு கிழியாது, உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம். வாஸ்தவந்தான். ஆனால் பெட்டியும் நம்முடையதல்ல, சாவியும் நம்மிடமில்லை. இரண்டும் அமெரிக்க ஏகபோக முதலாளிகளிடம் இருக்கின்றன.

"இருந்தால் என்ன? ஒளிப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நெல்லைச் சதி வழக்கு நடந்த ஜில்லாவிலா இந்தக் கேள்வி! கட்சி தடை செய்யப்பட்டிருந்த அந்த நாட்களில், யாருடைய பெயர் எந்தக் காகிதத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பது ஒருவன் வெளியில் இருப்பதையும் சிறைக்குப் போவதையும் தீர்மானித்தது. போலீஸை விடுங்கள். சங்கத்தில் சேர்ந்தவள் யார் என்று காண்டிராக்டருக்குத் தெரிந்தால் மறுநாள் அவளுக்கு இலை எடை குறையும், அல்லது இலையே கிடைக்காது. ஒளிக்க வேண்டியது செயலாளரிடம் இல்லாமல் இருக்கலாம். அந்தப் பெண்ணிடம் இருக்கிறது. அவள் நம்மை நம்பித்தான் விலாசத்தைக் கொடுத்தாள்.

சாவி பிறன் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு 2025 ஜூலையில் குஜராத்தில் நடந்ததைப் பாருங்கள். வாடினாரில் பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி என்ற கம்பெனி. அதில் சுமார் பாதிப் பங்கு ரஷ்ய ராஸ்நெப்ட்டுடையது. ஐரோப்பிய யூனியன் ஜூலை 18-ல் அந்தக் கம்பெனியின் மீது தடை விதித்தது. சில நாட்களுக்குள் மைக்ரோசாப்ட் அதன் ஈமெயிலையும் மற்ற வசதிகளையும் நிறுத்திவிட்டது! இந்திய மண்ணில் உள்ள ஆலை, இந்தியச் சட்டப்படி எந்தக் குற்றமும் செய்யவில்லை, சந்தாப் பணமும் கட்டியாகிவிட்டது. தன் சொந்தக் கடிதங்களையே அதனால் திறக்க முடியவில்லை. டில்லி ஹைக்கோர்ட்டுக்குப் போன பிறகுதான் மாதக் கடைசியில் வசதிகள் திரும்பக் கிடைத்தன. நயாரா ஒன்றும் ஏழை பீடித் தொழிலாளி அல்ல. வக்கீல் வைக்க அதனிடம் பணம் இருந்தது. பேட்டைக் கிளைச் சங்கத்தின் கணக்கை நாளை மூடினால் எந்தக் கோர்ட்டுக்குப் போவது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நல்ல தீர்ப்பு. ஆனால் 2023-ல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம், தனக்கு வேண்டிய இலாகாக்களுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை மத்திய சர்க்காரிடமே விட்டுவிட்டது. போதாக்குறைக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பல்லையும் பிடுங்கியது. அமெரிக்காவிலோ, அந்நாட்டுக் கம்பெனிகள் உலகின் எந்த மூலையில் வைத்திருக்கும் தகவலையும் கோர்ட் உத்தரவின் பேரில் அந்த சர்க்கார் கேட்டு வாங்க 2018-ல் சட்டமே போட்டுக்கொண்டார்கள். சட்டத்துக்காகப் போராடுவோம். அதுவரை பேரேட்டை எங்கே வைப்பது?

நம் யந்திரத்தில் நாமே வைக்கலாம் என்பதுதான் பதில். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கம் இதற்கு வழி திறந்தது. எழுதியவன் எழுதியதை மறைக்கக் கூடாது; யாரும் படித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் அப்படி வந்தவை. கேரளத்துப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறின; வாத்தியார்களும் பிள்ளைகளும் அதில் பழகினார்கள். ஆனால் அதே கேரளத்தில் 2020 ஏப்ரலில், கொரோனா நோயாளிகளின் விவரங்களைத் திரட்டும் வேலை ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்கக் கம்பெனியிடம் போனதையும் சொல்லத்தான் வேண்டும். ஹைக்கோர்ட் குறுக்கிட்டு, ஆள் அடையாளத்தை நீக்கிய பிறகே தகவலைக் கம்பெனி தொடலாம் என்றது. பின்னர் தகவல்கள் சர்க்கார் ஸ்தாபனமான சி-டிட்டின் பொறுப்புக்கு வந்தன. இடதுசாரி சர்க்கார் செய்தது என்பதற்காக இதை மூடி மறைப்பதில் பயனில்லை. அவசரத்தில் எளிதானதைக் கையிலெடுக்கும் புத்தி எல்லோருக்கும் உண்டு.

என்னைப் போல் மெட்ரிகுலேஷனோடு நின்றவர்கள் பயப்பட வேண்டாம். ஒரு பழைய கம்ப்யூட்டர், அதில் லினக்ஸ், பட்டியலுக்கு லிப்ரே ஆபீஸ், பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய வட்டு. ஒரு கிளைச் சங்கத்துக்கு இது போதும். இன்டர்நெட்டோடு அதை இணைக்கவே வேண்டியதில்லை; இணைக்காத யந்திரத்தைச் சீமையில் இருந்து எவன் திறப்பான்? பல ஊர்க் கிளைகள் ஒரே பட்டியலைப் பார்க்க வேண்டுமானால் நெக்ஸ்ட்கிளவுட் என்ற மென்பொருளைச் சொந்த யந்திரத்தில் நிறுவலாம். ஆனால் அதற்குத் தொழில் தெரிந்த ஒருவர் தவறாமல் புதுத் திருத்தங்களை ஏற்றிவர வேண்டும். கவனிப்பாரற்றுக் கிடக்கும் சொந்த யந்திரம் கூகிளை விட மோசமான காவல்காரன். இதை மறைத்துப் பேசுகிற உற்சாகிகள் நமக்குத் தேவையில்லை.

இன்னொன்று: வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஜங்ஷனுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். தரையில் வைத்த கம்ப்யூட்டர் அன்று என்ன ஆகியிருக்கும்? கூகிளில் இருந்தால் பட்டியலாவது மிஞ்சும் என்று ஒருவர் சொன்னால் அது நியாயமான வாதம். ஆகவே பூட்டிய பிரதி ஒன்று மாதாமாதம் வேறு ஊருக்குப் போய்ச் சேர வேண்டும். ஆற்றங்கரைக்குத் தூரத்தில் உள்ள ஒரு தோழரின் வீட்டுப் பீரோ போதும்.

வாட்ஸப்பை உடனே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கூட்ட அறிவிப்புக்கு அது இருக்கட்டும். சுவரொட்டி ஒட்டுவது போலத்தான் அது. கடிதத்தின் உள்ளே இருப்பதைக் கம்பெனி படிக்க முடியாது என்கிறார்கள், அது சரிதான். ஆனால் யார் யாரோடு, எந்தக் குழுவில், எந்த நேரத்தில் என்பது அதற்குத் தெரியும். சங்கத்தை உடைக்க நினைப்பவனுக்கு அதுவே போதுமே.

டவுண், பேட்டை, மேலப்பாளையம் கிளைகள் சேர்ந்தே ஒரு யந்திரம் வைத்துக்கொள்ளலாம். கரண்டுச் செலவை மூன்றாகப் பிரிக்கலாம். கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் தோழர்களின் பிள்ளைகள் பொங்கலுக்கு ஊர் வருவார்கள். அவர்களை உட்கார வைத்துக் கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசுங்கள். உறுப்பினர் படிவத்தில் 'ஆதார் எண்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அது எதற்கு என்றும் அங்கேயே கேளுங்கள். நலவாரிய மனுவுக்கு வேண்டுமென்றால் அந்த மனுவோடு போகட்டும். சங்கப் பேரேட்டில் அதற்கு வேலை இல்லை, அடித்துவிடலாம்.