தாயத்துக்கு முன்னால் ஒரு இரத்தப் பரிசோதனை

கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

பயிற்சிக் கலாசாலையில் என்னோடு படித்த சிநேகிதி. கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. மாதவிடாய் நின்றுவிட்டது. கர்ப்பமே இல்லாமல் மார்பில் பால் கசிந்தது. மாமியார் வீட்டில் 'செய்வினை' என்றார்கள். தாயத்துக் கட்டினார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், மகனுக்கு இரண்டாவது பெண்ணும் பார்த்தார்கள். இரத்தம் சோதிக்க மட்டும் யாரும் கூட்டிப் போகவில்லை.

கடைசியில் சோதித்தபோது புரோலக்டின் மிக அதிகம். ஸ்கேனில் கபச்சுரப்பியில் சிறு கட்டி. உடனே வீட்டில் அடுத்த கூச்சல்: "மூளையில கட்டி, தலையைப் பிளக்கப் போறாங்க!"

இல்லை. இந்தக் கட்டி அநேகமாக ஒருபோதும் புற்றுநோய் அல்ல. முதல் சிகிச்சையே மாத்திரைதான். புரோலக்டின் சுரப்பை அடக்கி வைப்பது டோபமின். கபெர்கோலின் மாத்திரை அதே வேலையைச் செய்கிறது. பெரும்பாலும் வாரத்தில் இரண்டு நாள் எடுத்தால் போதும். ஓமோன் இறங்கும், கட்டி சுருங்கும், பலருக்கு மாதவிடாய் திரும்பும். மருந்து கேட்காத சிலருக்குத்தான் சத்திரசிகிச்சை, அதுவும் பெரும்பாலும் மூக்கு வழியாக. கபச்சுரப்பியின் வேறு சில ஓமோன் கட்டிகளுக்கு முதலில் சத்திரசிகிச்சைதான். எது என்று வைத்தியர் சொல்லட்டும், பக்கத்து வீடு சொல்ல வேண்டாம்.

புரோலக்டின் கூடினாலே கட்டி என்றும் இல்லை. தைரொயிட் குறைவு, வாந்திக்கும் மனநோய்க்கும் கொடுக்கும் சில மருந்துகள்கூட அதைக் கூட்டும். குடிக்கிற மருந்தெல்லாம் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஆண்களே, இது உங்களுக்கும் வரும். ஆசை குறையும், ஆண்மை தளரும், கட்டி பெரிதானால் தலைவலி, பார்வைக் குறைவு. ஆனால் பிள்ளையில்லாத வீட்டில் சோதிக்கப்படுவதும் ஏசப்படுவதும் பெண் மட்டும். இது எந்த நியாயம்?

இன்னொன்று. இரண்டு மாதத்தில் சுகம் என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். குறைந்தது இரண்டு வருஷமாவது எடுத்த பிறகுதான் நிறுத்துவதைப் பற்றியே யோசிப்பார்கள். தலைசுற்றல், குமட்டல் வந்தால் சாப்பாட்டோடு, இரவில் எடுக்கலாமா என்று கேளுங்கள். கர்ப்பம் தரித்தால் அன்றே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

துஆ கேட்பதை நான் குறை சொல்லவில்லை. நோயைத் தந்தவன் மருந்தையும் தந்திருக்கிறான் என்பதுதானே நம் ஈமான்? றொசல்லவிலிருந்து டிக்கோயா ஆதார வைத்தியசாலை எட்டாத தூரமில்லை. அங்கே காட்டி, தேவையென்றால் கண்டிக்குக் கடிதம் கேளுங்கள்.

மருமகளை மலடி என்று சொல்லும் முன் ஒரு சொட்டு இரத்தத்தைச் சோதியுங்கள். அதற்குப் பிறகும் ஏச மனம் வந்தால், நோய் அவளிடம் இல்லை.