ஆட்டம் ஒன்று, சட்டம் இரண்டு

மும்பையில் வேலை பார்க்கும் நண்பர்கள் போன மாதம் என்னை ஓர் ஆர்கெஸ்ட்ரா பாருக்கு அழைத்துப் போனார்கள். ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில், மருந்துக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவே ஒரு சின்னக் கதவு. உள்ளே குட்டி மேடை, ஒரு கீபோர்டு, மூன்று பாடகிகள். எல்லாம் 1990களின் இந்திப் பாட்டுகள். மூவரில் ஒருவர் அருமையாகப் பாடினார். தாளம் வேகமெடுத்த இடத்தில் அவர் லேசாக ஆடத் தொடங்கியதும் மேலாளர் கைகாட்டி நிறுத்தினார். "இங்கே பாடத்தான் லைசென்ஸ். ஆடினா போலீஸ் வரும்" என்றார் நண்பர்.

பாடலாம், ஆடக்கூடாது என்ற இந்த விநோத நிலைக்கு ஒரு வரலாறு உண்டு. 2005இல் மகாராஷ்டிர அரசு பம்பாய் போலீஸ் சட்டத்தைத் திருத்தி இரண்டு பிரிவுகளைச் சேர்த்தது. 33ஏ, பீர் பார்களிலும் பர்மிட் ரூம்களிலும் நடனத்தைத் தடை செய்தது. 33பி, மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஹோட்டல்களுக்கும் ஜிம்கானாக்களுக்கும் விலக்கு கொடுத்தது. அதே ஆட்டத்தை ஏழைகளும் நடுத்தர வர்க்கமும் பார்த்தால் ஆபாசம். பணக்காரர்கள் பார்த்தால் கேளிக்கை!

சட்டத்தில் சாதி என்ற சொல்லே இல்லை. ஆனால் அந்த மேடைகளில் நின்றவர்கள் யார்? பலர் பேடியா, நட், கஞ்சர் போன்ற, தலைமுறை தலைமுறையாக ஆடிப் பிழைத்த சமூகங்களின் பெண்கள். கஞ்சர்களை ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் முத்திரை குத்தி வைத்திருந்தது. மன்னரும் ஜமீன்தாரும் போன பிறகு இந்தப் பெண்களுக்குக் கிடைத்த நகரத்து மேடைதான் பார்.

2006இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தடையை ரத்து செய்தது. 2013இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 75,000க்கும் மேற்பட்ட பெண்கள் வேலை இழந்ததையும், பலர் வேறு வழியின்றிப் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டதையும் அந்தத் தீர்ப்பே பதிவு செய்கிறது. பெண்களின் மானத்தைக் காப்பாற்ற வந்த சட்டம் செய்த வேலை இது. அதன் பிறகும் அரசு விடவில்லை. 2014இல் விலக்கை நீக்கி எல்லா இடங்களிலும் தடை போட்டது. 2016இல் புதிய சட்டமும் புதிய நிபந்தனைகளும் வந்தன. அவற்றில் பலவற்றை 2019இல் உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆர்கெஸ்ட்ரா பார் மேடையில் நான்கு பெண்கள், நான்கு ஆண்கள் மட்டுமே இருக்கலாம் என்ற விதி 2022இல்தான் ஒழிந்தது.

இங்கே தோழர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். சாதி ஒரு பெண்ணின் தலையில் கட்டிய தொழிலை நாம் ஏன் காப்பாற்ற வேண்டும்? நியாயமான கேள்வி. 1936 ஜூன் 16 அன்று பம்பாய் தாமோதர் அரங்கில் காமாட்டிபுரத்து தேவதாசிகளிடமும் ஜோகினிகளிடமும் அந்த வாழ்க்கையைக் கைவிடச் சொன்னவர் அண்ணல் அம்பேத்கர். அதே ஆண்டு 'தாசிகள் மோசவலை' நாவலை வெளியிட்ட மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் தேவதாசிகள் நடுவே வளர்ந்து, அந்த முறையை ஒழிக்கப் போராடியவர். இருவரும் அந்தப் பெண்களை நம்மவர்களாகக் கருதிப் பேசினார்கள். கூடவே சேர்ந்து நிற்க ஓர் இயக்கத்தையும் கொடுத்தார்கள். மகாராஷ்டிர அரசு கொடுத்தது போலீஸ் லத்தியை.

அதே 1936இல்தான் சென்னையில் கலாக்ஷேத்ராவும் தொடங்கியது. சதிர், பரதநாட்டியம் என்ற பெயரில் சபாக்களில் மரியாதை பெற்றது. பாலசரஸ்வதி போன்ற சிலரைத் தவிர, சதிராடிய குடும்பங்களின் பெண்கள் மேடையை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். பொட்டுக் கட்டும் கொடுமை ஒழிந்தது மிகச் சரி. ஆனால் கலை மட்டும் கைமாறியதே, அதற்குப் பெயர் சீர்திருத்தமா?

நமக்கு இது புரியாத கணக்கல்ல. சாவு வீட்டில் பறையடிக்க மாட்டேன் என்று மறுப்பதும், அதே பறையை நம் மேடையில் நிமிர்ந்து நின்று அடிப்பதும் ஒரே போராட்டம். எங்கே அடிப்பது, அடிக்காமல் விடுவது என்று முடிவு செய்கிறவர் பறைக் கலைஞராக இருக்க வேண்டும், ஊராக இருக்கக் கூடாது. பார் மேடைக்கும் இதுவே அளவுகோல்.

ஆகவே நம் கோரிக்கை தெளிவாக இருக்கட்டும். டிப்ஸை நம்பிய பிழைப்புக்குப் பதில் எழுத்துப்பூர்வமான சம்பளம் வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. வேண்டும். ரெய்டு நடந்தால் அந்தப் பெண்களைக் குற்றவாளிபோல வரிசையில் நிறுத்திப் படமெடுப்பதை நிறுத்த வேண்டும். அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் வேண்டும். மேடையை விட்டு இறங்க விரும்புகிறவருக்கு வேறு வேலை வேண்டும்; ஆட விரும்புகிறவருக்கு அந்த மேடை வேண்டும். இதில் எதையும் கொடுக்காமல் விளக்கை மட்டும் அணைப்பவர்கள் ஒழுக்கத்தைப் பற்றி நமக்குப் பாடம் நடத்த வேண்டாம்.