நெருப்பு உத்தரவுக்குக் காத்திராது

நமது தோட்டங்களில் எந்தக் காரியத்திற்கும் மானேஜரின் உத்தரவு வேண்டும் என்பது நெடுநாளைய பழக்கம். கேட்டைத் திறக்க உத்தரவு. லாரியை எடுக்க உத்தரவு. தண்ணீர்க் குழாயைத் திருப்பவும் உத்தரவு. ஆனால் நெருப்பு இந்தப் பழக்கத்தை அறியாது. பலகைச் சுவர் வைத்த லயத்தில் ஒரு வீட்டில் பற்றிய தீ, அடுத்த வீட்டு வாசலில் உத்தரவு கேட்டு நிற்பதில்லை.

பல வருஷங்களுக்கு முன் நாம் பணி செய்த ஒரு தோட்டத்தில் இரவில் தீப்பிடித்தது. பொம்பா வண்டி வந்தபோது, பங்களாவிலிருந்து உத்தரவு வரட்டும் என்று காவற்காரர் கேட்டைத் திறக்கத் தயங்கினார். அவரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. சட்டம் இன்னதென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஆபீசில் இருந்த நாமும் சொல்லவில்லை.

மலேசியாவில் 1988ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைச் சட்டம் அமலில் இருக்கிறது. தீயை அணைக்க வந்த அதிகாரி, உரியவரின் சம்மதம் இல்லாமலே கட்டடத்தில் நுழையலாம், பூட்டியிருந்தால் உடைக்கலாம், தீயை ஒழிக்க அவசியமானால் இடிக்கலாம். தெருவை மூடலாம், அருகிலுள்ள தண்ணீரை எடுக்கலாம், இடைஞ்சல் செய்பவரை அப்புறப்படுத்தலாம். அவரைத் தடுப்பது குற்றம். அந்த நேரத்தில் மானேஜரின் சொல் அவரைக் கட்டுப்படுத்தாது.

இந்த அதிகாரம் பெரிய நஷ்டங்களிலிருந்து பிறந்தது. 1861இல் லண்டன் டூலி தெருவில் கிடங்குகள் எரிந்தபோது தீயணைப்புத் தலைவர் பிரெயிட்வுட் சுவர் சரிந்து மாண்டார். அதன்பின் 1865இல் வந்த சட்டம், உடைக்கவும் இடிக்கவும் படைக்கு அதிகாரம் தந்தது. இயன்றமட்டும் குறைந்த சேதத்தோடு செய்ய வேண்டும் என்றும் விதித்தது. நமக்கு அருகில், 1961இல் சிங்கப்பூர் புக்கிட் ஹோ சுவீயில் நெருங்கிக் கட்டிய பலகை, அத்தாப்பு வீடுகளில் தீ பரவி, சுமார் 16,000 பேர் வீடிழந்தனர். பத்து வீடுகளைக் காக்க ஒரு வீட்டை இடிக்க நேரலாம் என்பதன் நியாயம் அங்கே தெரிகிறது.

ஆனால் இடிபடும் அந்த ஒரு வீடு யாருடையது? கட்டடம் நிர்வாகத்தினுடையது, உள்ளிருக்கும் பாயும் பெட்டியும் பிள்ளைகளின் புத்தகமும் பால்வெட்டுத் தொழிலாளியுடையவை. படையினர் கடமையில் செய்த சேதத்தையும் தீயினால் வந்த சேதமாகவே இன்ஷூரன்ஸ் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அந்த 1865ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிற்று. நல்ல விதிதான். இன்ஷூரன்ஸ் இல்லாதவனுக்கு அதனால் என்ன பயன்? ஊர் நன்மைக்காக ஒருவன் வீடு இடிக்கப்பட்டால், அந்த நஷ்டத்தை அவன் தலையில் மட்டும் சுமத்துவது நீதியல்ல.

ஆகவே நாம் நிர்வாகங்களைக் கேட்பது மூன்று. லயத்துக் குடும்பங்களின் உடைமைகளுக்கும் சேர்த்து நிர்வாகச் செலவில் இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். கேட்டுச் சாவி இரவு பகலாகக் காவற்காரர் கையிலேயே இருக்க வேண்டும். தண்ணீர்த் தொட்டிக்குப் போகும் பாதையை வண்டி செல்லும்படி வைத்திருக்க வேண்டும்.

தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கோடரியோடு வருபவர் நமது விரோதி அல்லர். அவர் கதவை உடைத்தால் வாதாடாதீர்கள். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். கிராணிமாரே, 999க்குத் தகவல் கொடுக்க யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.