நெல்லோடு சேராத கமிஷன்

"விவசாயக் குடும்பத்துக்கு ஏதுங்க வரி?" காவிரிப் பாசனப் பகுதியில் இந்தப் பேச்சு அடிபடாத டீக்கடை இல்லை. நெல்லைப் பொறுத்தவரை அது சரிதான். கொள்முதல் நிலையத்தில் குறுவை நெல்லைப் போட்டு வாங்கும் பணத்துக்கு 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் வரி கேட்கவில்லை. 2025இல் நிறைவேறிய புதிய சட்டமும் கேட்கவில்லை. ஆனால் அந்த விலக்கு விளைச்சலுக்குக் கொடுத்தது. பட்டாவில் பேர் இருக்கிறது என்பதற்காக வீட்டுக்குள் வரும் எல்லாப் பணமும் நெல் பணம் ஆகிவிடாது.

நடவுக்கும் அறுப்புக்கும் இடையில் நேரடி விற்பனை நிறுவனங்களின் சத்துமாவு, சோப்பு, பிளாஸ்டிக் டப்பா விற்றுக் கிடைக்கும் கமிஷன் வியாபார வருமானம். பயிருக்குத் தெளிக்கும் மருந்தை விவசாயிக்கே விற்றாலும் அதே கதைதான். உழுவது, விதைப்பது போன்ற அடிப்படை வேலை நிலத்தில் நடக்காமல் விவசாய வருமானம் கிடையாது என்று ராஜா பினய் குமார் சகாஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1957லேயே சொல்லிவிட்டது.

அடுத்த நம்பிக்கை இன்னும் பிடிவாதமானது: "டிடிஎஸ் பிடிச்சாச்சு, அதோட சரி."

சரியில்லை. பாபநாசம் பக்கம் இரண்டு ஏக்கர் நஞ்சை உள்ள வீட்டில் ஒரு பெண்ணுக்கு ஆண்டுக்கு 1,80,000 ரூபாய் கமிஷன் வருவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக் கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 2 சதவீதத்தை டிடிஎஸ் என்று, அதாவது மூலத்திலேயே வரியாக, பிடிக்கும். இவருக்கு அது 3,600 ரூபாய். வேறு வருமானம் இல்லையென்றால் இவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். அந்த 3,600 இவருடைய சொந்தப் பணம். கணக்கு தாக்கல் செய்தால்தான் திரும்பி வரும். டிசம்பர் 31க்குள் தாமதக் கணக்காவது போடாவிட்டால், அதை மீட்பது பெரும்பாடு. பான் எண் கொடுக்காமல் விட்டிருந்தாலோ, ஆதாரோடு இணைக்காமல் அது செயலிழந்திருந்தாலோ பிடித்தம் 20 சதவீதம், அதாவது 36,000 ரூபாய். வரியே இல்லாதவர் இவ்வளவையும் விட்டுக்கொடுத்துவிட்டு, வரியிலிருந்து தப்பித்ததாக நினைத்துக்கொள்கிறார்.

"பன்னிரண்டு லட்சம் வரைக்கும்தான் வரி இல்லையே" என்பது புது வாதம். 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் அடிப்படை விலக்கு 4 லட்சம்தான். அதற்கு மேல் 12 லட்சம் வரை கிடைப்பது வரித் தள்ளுபடி. வருமானம் 4 லட்சத்தைத் தாண்டியவர், வரி பூஜ்யமானாலும் கணக்கு தாக்கல் செய்தே ஆக வேண்டும்.

தாக்கல் செய்பவர்களும் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். விற்றுமுதலில் 8 சதவீதம் லாபம் என்று மதிப்பிட்டுக் கணக்கை முடிக்கும் எளிய வழி கமிஷன்காரர்களுக்குச் சட்டப்படி கிடையாது. அதனால் வரவு செலவு நோட்டு வேண்டும். விற்பனைக்காக மன்னார்குடி போய்வந்த பஸ் காசும், அதற்காக ஆன போன் செலவும் செலவுக் கணக்கில் வரும். நிறுவனக் கணக்கில் விற்பனைப் பாயிண்ட் குறையக் கூடாது என்று வாங்கி, வீட்டிலேயே தீர்த்த ஷாம்பு வராது.

கணக்கு தாக்கல் செய்யத் தயங்குவதற்குப் பின்னால் உண்மையான ஒரு பயம் இருக்கிறது. கணக்குப் போட்டால் பிஎம் கிசான் 6,000 ரூபாயும், 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாயும் நின்றுவிடுமோ என்ற பயம். டெல்டாக் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை இல்லை. ஆனால் பிஎம் கிசான் விதி விலக்குவது முந்தைய மதிப்பீட்டு ஆண்டில் வரி கட்டியவர்களை. பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்டுப் பூஜ்ய வரிக் கணக்குப் போடுவது வரி கட்டியதாகாது. உரிமைத் தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். அதைத் தாண்டிய வீட்டுக்குக் கணக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் தகுதி இல்லை. ஒளிப்பதற்கும் வழியில்லை: நிறுவனம் காலாண்டு டிடிஎஸ் கணக்கைத் தாக்கல் செய்ததும் கமிஷன் தொகை பான் எண்ணில் ஏறிவிடுகிறது.

இந்த நம்பிக்கைகளை வளர்ப்பதில், விற்பனையில் ஆள் சேர்த்துவிடும் அப்லைன்களின் பங்கு பெரிது. வீட்டுக்குப் போய் விற்பவர் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும், முன் அனுமதி பெற்றே போக வேண்டும் என்று 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் சொல்கின்றன. அதைச் சில கூட்டங்களிலாவது சொல்கிறார்கள். வரியைப் பற்றிப் பேச்சே இல்லை. திரையில் பாங்காக் பரிசுப் பயணப் படம் ஓடும். வியாபாரத்துக்காக ஆண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் பரிசோ பயணமோ கிடைத்தால் அதன் மதிப்பில் 10 சதவீதம் டிடிஎஸ் உண்டு என்ற 2022 ஜூலை விதியை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. புதிதாகச் சேருபவர்கள் பாயிண்ட் கணக்கைக் கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடலாம்: பிடித்த வரிக்கு டிடிஎஸ் சான்றிதழ் எப்போது கைக்கு வரும்? தங்களைச் சேர்த்துவிடும் அப்லைன் போன ஆண்டு தன் கணக்கை எந்தப் படிவத்தில் தாக்கல் செய்தார்?